யோஷிதா மாருவின் அழிவு: ஒரு கான்வாயும் டோக்கியோவில் பின்வாங்கிய எல்லைக்கோடும்

1944 ஏப்ரல் 26 அன்று, பிலிப்பீன்ஸின் லூசோன் தீவுக்கு வடமேற்கே உள்ள கடற்பரப்பில், முதலாம் எண் யோஷிதா மாரு என்ற 5,425 டன் ஜப்பானியக் கப்பல் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோக்களுக்கு இரையாகி, மிகக் குறுகிய நேரத்தில் மூழ்கியது. சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட அந்தக் கப்பலில், ஜப்பானியத் தரைப்படையின் 32ஆம் டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவைச் சேர்ந்த, ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட ஒரு காலாட்படை ரெஜிமென்ட் ஏறத்தாழ முழுமையாக அடைக்கப்பட்டிருந்தது. 2,600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எதிரியின் முகத்தைக் கூடப் பார்க்காமல், ஒரு துப்பாக்கிக் குண்டு கூடச் சுடாமல், ஒரு ரெஜிமென்ட் படைப்பட்டியலிலிருந்து நீங்கிப்போனது.

பசிபிக் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிட்வே, லெய்ட்டே வளைகுடா போன்ற பெரும் கடற்சமர்களைப் பேசுவார்கள். யோஷிதா மாரு போன்ற கப்பல்களின் பெயர் அந்தப் பேச்சில் அநேகமாக வராது. ஆனால் இந்தக் கப்பலும், இது சேர்ந்து சென்ற கான்வாயும், அதாவது காவல் கப்பல்களோடு கூட்டமாகச் செல்லும் கப்பல் அணியும், சந்தித்த அழிவு, இரண்டே வாரங்களுக்குள் ஜப்பானின் தலைமைப் போர்த் தலைமையகம் தன் பாதுகாப்பு எல்லைக்கோட்டைப் பின்னுக்கு இழுத்ததற்கு ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. அந்த அழிவுக்கான காரணங்களைத் தேடினால், டார்பிடோ வெடித்த கணத்துக்கு வெகு முன்னதாகவே அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தது தெரிகிறது.

1943 செப்டம்பரில் ஜப்பானியத் தலைமை, எந்த விலை கொடுத்தும் காக்கப்பட வேண்டிய பகுதி என்று ஒரு வளையத்தை வகுத்தது. மேற்கு நியூகினி அதன் தென்கிழக்கு மூலை. அந்த மூலையைக் காக்கும் பொறுப்பு ஜெனரல் அனாமி கொரெச்சிகாவின் இரண்டாம் வட்டாரப் படையிடம் இருந்தது. பொறுப்பு இருந்த அளவுக்கு ஆட்கள் இல்லை. 1944 பிப்ரவரியில் ஜப்பானின் முக்கியக் கடற்படைத் தளமான ட்ரூக் தீவுத் தளம் அமெரிக்க விமானங்களால் சிதைக்கப்பட்ட பிறகு அவசரம் கூடியது. ஆட்களை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு, வழக்கம்போல, சீனா என்ற விடையே கிடைத்தது. சீனாவில் ஆக்கிரமிப்புப் படையாகப் பல ஆண்டுகள் நிலைகொண்டிருந்த 32ஆம், 35ஆம் டிவிஷன்கள் தெற்கே அனுப்பப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. 32ஆம் டிவிஷனின் இலக்கு முதலில் பிலிப்பீன்ஸின் மிண்டனாவோ என்றிருந்து, பின்னர் நியூகினிக்கு மேற்கே உள்ள ஹல்மஹேரா தீவு என்று மாறியது. 35ஆம் டிவிஷன் மேற்கு நியூகினிக்குச் செல்ல வேண்டியது.

இந்தப் பயணத்துக்கு ‘தாக்கே இச்சி’, அதாவது ‘மூங்கில் ஒன்று’ என்று பெயர் வைத்தார்கள். ஏப்ரல் 17 அன்று 15 கப்பல்கள் ஷாங்காயிலிருந்து புறப்பட்டன. காவலுக்குத் தலைமை தாங்கியவர் ரியர் அட்மிரல் கஜியோகா சதாமிச்சி. 1941 டிசம்பரில், அமெரிக்கர் வசமிருந்த வேக் தீவின் மீதான முதல் தாக்குதலில் பின்வாங்க நேர்ந்து, பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து அதைக் கைப்பற்றியவர் அவர். இப்போது அவருடைய தலைமைக் கப்பலாக இருந்தது ஷிரதாக்கா என்ற பழைய கண்ணிவெடி விதைப்புக் கப்பல். கான்வாய் புறப்பட்ட ஐந்தாம் நாள், ஏப்ரல் 22 அன்று, அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தரின் படைகள் நியூகினியின் ஹாலந்தியாவில் தரையிறங்கிவிட்டன. வலுப்படுத்தப் போகிற அரணில், வலுவூட்டல் வந்து சேருமுன்பே உடைப்பு விழுந்துவிட்டது. கப்பல்கள் தொடர்ந்து சென்றுகொண்டிருந்தன.

ஒரு முழு ரெஜிமென்டை ஒரே சரக்குக் கப்பலில் ஏற்றும் நிலை ஏன் வந்தது என்பது கப்பல் கணக்கோடு பிணைந்த கேள்வி. ஜப்பான் போரில் இறங்கியபோது அதனிடம் ஏறத்தாழ 60 லட்சம் டன் வணிகக் கப்பல்கள் இருந்தன. அவை தரைப்படைக்கு ஒரு பங்கு, கடற்படைக்கு ஒரு பங்கு, நாட்டின் உணவுக்கும் கனிமத்துக்கும் எரிபொருளுக்கும் ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தன. ஒரு பிரிவின் கப்பல் வீரர்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் அதே கடற்பாதையில், இன்னொரு பிரிவின் கப்பல் சரக்கெடுக்க வெறுமையாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் இணைத்து ஆளும் அதிகாரம் போரின் பெரும்பகுதிக்கு எவரிடமும் இல்லை. 1944 வசந்தத்துக்குள் இழப்புகள் புதிய கட்டுமானத்தை வெகுவாக மிஞ்சிவிட்டன. எஞ்சிய ஒவ்வொரு கப்பலிலும் கூடுதல் ஆட்களை ஏற்றுவதே தீர்வாகத் தெரிந்தது.

கூடுதல் ஆட்கள் என்றால் என்ன என்பதைக் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கிப் பார்த்தால்தான் விளங்கும். ஜப்பானியப் படைக்கப்பல்களில் சரக்குக் கிடங்குக்குள் மரச்சட்டங்கள் அடித்து, பலகைகளை அடுக்கடுக்காகப் பரப்பி, அவற்றில் வீரர்களைப் படுக்க வைத்தார்கள். வீரர்கள் அதைப் பட்டுப்புழு வளர்க்கும் தட்டு என்றே அழைத்தார்கள். நிமிர்ந்து உட்கார இடமில்லாத அந்தத் தட்டுகளில் துப்பாக்கியும் மூட்டையும் உயிர்காப்பு அங்கியும் மனிதனும் ஒன்றாகக் கிடக்க வேண்டும். வெப்பமண்டலக் கடலில் இரும்புச் சுவர்கள் பகல் முழுவதும் சூடேறும். காற்று, மேலே திறந்திருக்கும் கிடங்கு வாய் வழியாக மட்டுமே வரும். கழிப்பறைகளோ மேல்தளத்தின் ஓரத்தில் கடலுக்கு மேலே நீட்டிக் கட்டப்பட்ட பலகைக் கூண்டுகள். நூற்றுக்கணக்கானோர் அவற்றுக்காக வரிசையில் நிற்பார்கள். கிடங்கிலிருந்து வெளியேற ஓரிரு குறுகிய ஏணிகளே உண்டு. கப்பல் சாய்ந்து, விளக்கு அணைந்து, கீழிருந்து நீர் ஏறும்போது அந்த ஏணிகள் எத்தனை பேரைத் தாங்கும் என்பது கப்பலில் ஏறிய முதல் நாளே ஒவ்வொரு வீரனுக்கும் தெரிந்திருக்கும். மேல்தளத்தில் மூங்கிலையும் மரக்கட்டைகளையும் கட்டி மிதவைகள் குவித்து வைத்திருந்தார்கள். அவை மேல்தளம் வரை வர முடிந்தவர்களுக்கு மட்டுமே பயன்பட்டன.

ஜப்பானியக் கடற்படையின் மனப்பாங்கையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிரியின் பெருங்கப்பல்களோடு ஒரே ஒரு தீர்க்கமான சமர் நடக்கும், அதில் வென்றால் போர் முடியும் என்ற நம்பிக்கையிலேயே அது வளர்ந்திருந்தது. வணிகக் கப்பலுக்குக் காவல் போவது பெருமைக்குரிய பணியாக அங்கே கருதப்படவில்லை. கான்வாய்க் காவலுக்கென்று ஒரு தலைமைக் கட்டளையகம், போர் தொடங்கி ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, 1943 நவம்பரில்தான் அட்மிரல் ஒய்காவா கொஷிரோவின் கீழ் அமைந்தது. பிரிட்டன் போன்ற தீவு நாடு அட்லாண்டிக்கில் என்ன பாடு பட்டது என்பது உலகுக்கே தெரிந்திருந்த காலத்தில் இத்தனை தாமதம் ஏற்பட்டதை மன்னிக்க முடியாத அலட்சியம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நியாயமாகச் சொல்வதானால், தாக்கே இச்சிக்கு அன்றைய அளவில் வலுவான காவலே தரப்பட்டது. காவல் கப்பல்கள் இருந்தன. அவை எங்கே, எப்போது இருக்கும் என்பதும் எதிரிக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் பிரச்சினை.

அது தெரியவந்த கதைக்கு ஒரு டெல்லித் தொடர்பு உண்டு. ஜப்பானியத் தரைப்படை தன் கப்பல் போக்குவரத்துக்கென்று தனிச் சங்கேதம் ஒன்றைப் பயன்படுத்தியது. செய்தியின் தொடக்கத்தில் வரும் எண்ணைக் கொண்டு நேசநாட்டினர் அதை ‘2468’ என்று குறிப்பிட்டார்கள். சொற்கள் நான்கிலக்க எண்களாக மாற்றப்பட்டு, அவற்றின்மேல் இன்னொரு புத்தகத்திலிருந்து எடுத்த எண்கள் கூட்டப்பட்டு அனுப்பப்படும். 1943 ஏப்ரலில், டெல்லியின் ஆனந்த பர்பத் குன்றில் இயங்கிய பிரிட்டிஷ் வானொலி உளவு மையத்தில் வில்ஃபிரிட் நாய்ஸ், மாரிஸ் ஆலன் என்ற இருவர், ஒவ்வொரு செய்தியிலும் மூன்றாம் தொகுதியின் முதல் குறி தற்செயலாக அமையவில்லை, அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதைக் கவனித்தார்கள். ஏறக்குறைய அதே வேளையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்த நேசநாட்டு மையமும் தனியாக அதே வழியைக் கண்டது. அந்தச் சிறு ஒழுங்கு வழியாகவே முழுச் சங்கேதமும் மெல்ல மெல்லத் திறந்தது. பத்தாண்டு கழித்து, 1953இல் எவரெஸ்டின் உச்சி முதன்முதலாக எட்டப்பட்ட பயணக்குழுவில் இடம்பெற்ற அதே நாய்ஸ்தான் இவர்.

இந்தச் சங்கேதத்தில் போன செய்திகள், மேலோட்டமாகப் பார்த்தால், அலுப்பூட்டும் நிர்வாகக் குறிப்புகள்: எந்தக் கப்பல், எத்தனை ஆட்கள், எந்தத் துறைமுகம், எந்த நாள். அவற்றோடு ஒன்று கூடுதலாக இருந்தது. வழியில் வரும் ஒவ்வொரு நாளும் நண்பகலில் கான்வாய் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கும் என்பதை முன்கூட்டியே துறைமுக அதிகாரிகளுக்கும் காவல் விமானத் தளங்களுக்கும் ஜப்பானியர்கள் வானொலியில் அறிவித்துவிடுவார்கள். தம் விமானங்கள் தம் கப்பல்களைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்ற நியாயமான தேவையிலிருந்து வந்த வழக்கம் அது. அதே அட்டவணை நீர்மூழ்கித் தலைவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பரந்த கடலில் வாரக்கணக்கில் அலைந்து தேடும் வேலை அவர்களுக்கு மிச்சமாயிற்று. குறித்த புள்ளிக்கு முந்தியே போய்க் காத்திருந்தால் போதும்.

ஓராண்டுக்கு முன்பு நடந்திருந்தால் அந்தக் காத்திருப்பு வீணாகவும் போயிருக்கலாம். அமெரிக்க நீர்மூழ்கிகளின் 14ஆம் மாதிரி டார்பிடோ போரின் முதல் இரண்டாண்டுகளில் மிக மோசமாக ஏமாற்றியது. அமைத்த ஆழத்தைவிடக் கூடுதல் ஆழத்தில் ஓடி, கப்பலின் அடியில் தொடாமல் கடந்து போனது. கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய பொறி முந்தியே வெடித்தது அல்லது வெடிக்கவே இல்லை. அந்தப் பொறியை நீக்கிய பிறகு, நேர்செங்குத்தாகப் போய் மோதும்போது வெடியூசி நசுங்கிச் செயலற்றுப் போவது தெரியவந்தது. அதாவது, குறி எவ்வளவு துல்லியமாக அமைந்ததோ அவ்வளவு அதிகமாக வெடிக்காமல் போகும் வாய்ப்பு இருந்தது. 1943 இலையுதிர்காலத்துக்குள் இந்த மூன்று கோளாறுகளும் சரிசெய்யப்பட்டன. தாக்கே இச்சி புறப்பட்டபோது சங்கேத உளவும் நம்பத்தக்க டார்பிடோவும் ஒரே நேரத்தில் அமெரிக்கர்களின் கையில் இருந்தன.

லூசோனுக்கு வடமேற்கே காத்திருந்தது கமாண்டர் தாமஸ் டைக்கர்ஸின் ‘ஜாக்’ நீர்மூழ்கி. ஏப்ரல் 26 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று அதைக் கண்டு தாக்கி நீருக்கடியில் இறங்க வைத்தது. ஆனால் நிலக்கரியில் ஓடிய பழைய கப்பல்களின் புகை தொடுவானத்தில் எழுந்து கான்வாயைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் புகையைப் பின்பற்றியே டைக்கர்ஸ் நெருங்கினார். காவல் கப்பல்களின் அடர்த்தியால் மிக அருகே செல்ல முடியாமல், பெரும்பாலும் தொலைவிலிருந்தே, மூன்று தடவைகளாக 19 டார்பிடோக்களை ஏவினார். அத்தனை டார்பிடோக்களுக்கும் மூழ்கிய கப்பல் ஒன்றே ஒன்று. காவல் ஓரளவு பயன்பட்டது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த ஒன்று யோஷிதா மாருவாக இருந்தது. கப்பல் விரைவாக மூழ்கியதால் கிடங்குகளில் இருந்தவர்களுக்கு ஏணிவரை வரக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. எஞ்சிய கப்பல்கள் பயணத்தைத் தொடர்ந்து ஏப்ரல் 29 அன்று மணிலா சேர்ந்தன.

இந்த அழிவுகளை ஒட்டி ஜப்பானியத் தரப்பில் சந்தேகம் எழாமல் இல்லை. எதிரிக்கு எப்படித் தெரிந்தது என்ற விசாரணை மணிலாவில் நடந்தது. சங்கேதம் உடைந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் சிலருக்கு வந்தது. ஆனால் கான்வாய் புறப்படுமுன் வானொலிப் போக்குவரத்து திடீரென்று கூடியதை எதிரி கவனித்திருக்கலாம், அல்லது துறைமுகத்தில் வேலை செய்யும் யாரோ தகவல் கொடுத்திருக்கலாம் என்ற விளக்கங்களோடு விசாரணை நின்றுவிட்டது. கூலித் தொழிலாளியைச் சந்தேகிப்பது எளிது. தம் தலைமை வடிவமைத்த அமைப்பைச் சந்தேகிப்பது கடினம். இரண்டாவதைச் செய்திருந்தால் அடுத்த மாதங்களில் பல்லாயிரம் உயிர்கள் தப்பியிருக்கும் என்று சொல்வது மிகையாகாது.

மே 1 அன்று கான்வாயின் எஞ்சிய பகுதி, எட்டுப் படைக்கப்பல்களும் காவல் கப்பல்களுமாக, மணிலாவிலிருந்து கிளம்பியது. நீர்மூழ்கி அபாயம் குறைவாக இருக்கும் வகையில், தீவுகளுக்கு இடையே புகுந்து செல்லும் பாதையைத் தேர்ந்திருந்தார்கள். பாதையும் வேகமும் நண்பகல் நிலைகளும் இலக்கும் மறுபடியும் சங்கேதத்தில் ஒலிபரப்பாகி, மறுபடியும் படிக்கப்பட்டன. மே 6 அன்று சுலாவெசியின் வடகிழக்கு முனைக்கு அருகே கமாண்டர் சார்லஸ் ஆண்ட்ரூஸின் ‘கர்னார்ட்’ அவர்களை எதிர்கொண்டது. விமானக் காவலின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக மிக மெதுவாக நெருங்கிய ஆண்ட்ரூஸ், முன்குழாய்களிலிருந்தும், திரும்பிக்கொண்டு பின்குழாய்களிலிருந்தும் டார்பிடோக்களை ஏவினார். ஏடன் மாரு, தஜிமா மாரு, தென்ஷின்ஸான் மாரு ஆகிய மூன்று கப்பல்களும் அழிந்தன. காவல் கப்பல்கள் ஏறத்தாழ நூறு ஆழ்குண்டுகளை வீசியும் கர்னார்ட் தப்பியது. மூன்றில் ஒன்று கைவிடப்பட்ட பின்னும் மிதந்துகொண்டிருந்ததால், இரவில் திரும்பி வந்து அதையும் மூழ்கடித்தது.

மே 6இன் உயிரிழப்பு 1,290. ஒரே நாளில் மூன்று கப்பல்கள் போயும் யோஷிதா மாரு ஒன்றில் இறந்தவர்களில் பாதிப்பேர் அளவுக்கே இறந்தார்கள். இந்தக் கப்பல்கள் மூழ்க நேரம் எடுத்துக்கொண்டன. மீட்புப் பணி ஒழுங்காக நடந்தது. கிட்டத்தட்ட 6,800 பேர் நீரிலிருந்து மீட்கப்பட்டார்கள். படைக்கப்பலின் அழிவில் சாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது, டார்பிடோவின் எண்ணிக்கையைவிட, முதல் வெடிப்புக்கும் மூழ்குதலுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள்தான் என்பதை இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உணரலாம். மீண்டவர்களின் கைகளில் ஆயுதம் இல்லை. பீரங்கிகளும் வெடிமருந்தும் வாகனங்களும் கடலடியில் கிடந்தன.

மே 9 அன்று ஹல்மஹேராவில் கான்வாய் தன் பயணத்தை முடித்துக்கொண்டது. 32ஆம் டிவிஷனுக்கு இருந்திருக்க வேண்டிய ஒன்பது காலாட்படைப் பட்டாலியன்களில், அதாவது ரெஜிமென்ட்களின் உட்பிரிவுகளில், ஐந்துதான் எஞ்சின. நான்கு பீரங்கிப் பட்டாலியன்களில் ஒன்றரை. 35ஆம் டிவிஷன் கொண்டுவர வேண்டிய ஆறு பட்டாலியன்களில் நான்கு மட்டுமே வந்து சேர்ந்தன, அவையும் பெரும்பாலான பீரங்கிகளை இழந்த நிலையில். டோக்கியோவின் வரைபடத்தில் இதன் விளைவு உடனே தெரிந்தது. மே மாதத் தொடக்கத்திலேயே நியூகினியின் சார்மியிலிருந்து பியாக் தீவு வரை பின்வாங்கியிருந்த பாதுகாப்புக் கோடு, மே 9 அன்று, நியூகினியின் மேற்கு முனையிலுள்ள சொரோங், ஹல்மஹேரா என்ற இன்னும் மேற்கான கோட்டுக்கு இழுக்கப்பட்டது. மே 27 அன்று அமெரிக்கர்கள் பியாக்கில் இறங்கியபோது, அங்கிருந்த ஜப்பானிய வீரர்கள் தலைமையகத்தின் கோட்டுக்கு வெளியே நின்று போரிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கஜியோகாவுக்கு இன்னும் நான்கு மாத ஆயுள் இருந்தது. 1944 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பிய எச்.ஐ.-72 என்ற கான்வாயின் காவலில் இருந்த அவர், 12ஆம் தேதி ‘க்ரௌலர்’ நீர்மூழ்கி அவருடைய ஹிராடோ கப்பலைத் தகர்த்தபோது இறந்தார். அதே நாளில் அதே கான்வாயின் ராக்குயோ மாரு, கச்சிதோக்கி மாரு என்ற இரு கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றின் கிடங்குகளில் இருந்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள்; சயாம்-பர்மா ரயில் பாதையில் உழைத்து உயிர் மிஞ்சியவர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்ததும் அதே பாதையில்தான். கைதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், தம்மை விடுவிக்கப் போரிட்டவர்களின் டார்பிடோக்களாலேயே இறந்தார்கள். சங்கேதத்தைப் படித்தவர்களுக்குக் கப்பலின் இருப்பிடம் தெரிந்தது. சுட்ட நீர்மூழ்கிக்குக் கிடங்கில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. நேசநாட்டு வெற்றியின் கணக்கில் இந்தப் பக்கமும் எழுதப்பட்டே ஆக வேண்டும்.

யோஷிதா மாருவுக்குப் பின் வந்த மாதங்களில் அதே நிகழ்வு திரும்பத் திரும்ப நடந்தது. ஒக்கினாவாவுக்குப் படை கொண்டுபோன தோயாமா மாரு 1944 ஜூன் 29 அன்று மூழ்கியபோது 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிடங்கில் இருந்த பெட்ரோல் பீப்பாய்கள் பற்றிக்கொண்டதால் தப்பும் வழியே அடைபட்டது. ஆகஸ்டில் தமாத்சு மாருவோடு 4,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்த ஓராண்டில் மட்டும் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏறத்தாழ 600 ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தன. இதில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறவர்கள் கப்பலோட்டிகள். படைவீரர்களுக்குரிய மரியாதையும் ஓய்வூதியமும் அற்ற அந்த வணிகக் கப்பல் மாலுமிகளில் போர் முடிவதற்குள் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். பணியில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் சாவு விகிதம் தரைப்படையினுடையதையும் கடற்படையினுடையதையும் மிஞ்சியது. யொகொசுகாவை அடுத்த கன்னோன்சாக்கியில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது.

ஹல்மஹேராவை எட்டிய 32ஆம் டிவிஷன் அங்கே ஒரு பெரும் தாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருந்தது. தாக்குதல் அங்கே வரவில்லை. 1944 செப்டம்பர் 15 அன்று மக்ஆர்தர் பக்கத்திலிருந்த மொரோட்டாய் தீவில் இறங்கினார். அங்கே காவலுக்கு இருந்தவர்கள் சுமார் 500 பேர். ஹல்மஹேராவிலிருந்து சிறு படகுகளில் இரவோடு இரவாக ஆட்களை அனுப்ப டிவிஷன் முயன்றது. அமெரிக்க ரோந்துப் படகுகள் அந்த வழியையும் அடைத்தன. சீனாவிலிருந்து அத்தனை இழப்புகளோடு கொண்டுவரப்பட்ட அந்தப் படை, தீவிலேயே கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைத்து, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும்வரை வேறெங்கும் நகர முடியாமல் அங்கேயே கிடந்தது.